அம்மா நடுவராக நின்ற வெள்ளிக்கிழமைகள்

இந்த வளைகுடா ஊரில், சத்வா பக்கம், எனக்கு ஒரு தையல்காரர் இருக்கிறார். சொன்ன தேதிக்குத் துணியைத் தரவே மாட்டார், ஆனால் அளவு ஒருநாளும் பிசகாது. அதனால்தான் அவரை விடவும் முடியவில்லை. போன வாரம் மூன்றாவது தடவையாகப் போய் நின்றபோது "பாஞ்ச் மினிட், சிஸ்டர்" என்று தன் வழக்கமான ஐந்து நிமிடப் பொய்யைச் சொல்லி ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். பக்கத்துக் கடையில் ஒருவர் விளையாட்டுச் சட்டைகளின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். சூடான இரும்புத் தட்டை மேலிருந்து இறக்கி அழுத்தி எடுக்கிற மெஷின். அழுத்தும்போதெல்லாம் லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. மஞ்சள் சட்டை, பச்சை எண்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு.

"என்ன டீம் பாய், கிரிக்கெட்டா?" என்று கேட்டேன்.

"நஹி. பேஸ்பால்."

அப்புறம் தையல்காரர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த வாசனையில் நான் பதினோரு வயதுப் பெண்ணாகி, கராமாவில் எங்கள் அறையில், புதுச் சட்டையை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

அறை என்றுதான் சொல்ல வேண்டும், வீடு என்று சொன்னால் அம்மாவுக்கே சிரிப்பு வரும். ஒரு படுக்கையறை ஃப்ளாட். படுக்கையறை எங்களுக்கு. ஹாலைப் பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்து, அதில் ஒரு பாதியில் நாகர்கோவில் ஜோதி அக்காவும் அவள் புருஷனும் இருந்தார்கள். மீதிப் பாதி பொது நடைபாதை, எங்கள் பிரிட்ஜ், அவர்கள் பிரிட்ஜ், செருப்புகள். ஃப்ளாட் அவர்கள் பெயரில் இருந்தது. நாங்கள் உள்வாடகை. அப்படி இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்தக் கட்டடத்தில் அப்படி இல்லாத ஃப்ளாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் எங்கள் தளத்தில் எல்லோரும் ரகசியம் பேசுகிற குரலில்தான் பேசினோம். குக்கர் விசில் அடித்தால்கூட அம்மா ஓடிப்போய்க் கரண்டியால் தூக்கிவிடுவாள். மூன்று விசில் என்பது எங்களுக்குப் பாதிப் பாதி விசில்கள் ஆறு.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அந்த அறைக்குள். ஜன்னல் திறக்காது, ஏசிக்காக அடைத்துவிட்டார்கள். கீழே போய் விளையாட இடமில்லை, கார்கள்தான் நிற்கும். லிப்டுக்கு எதிரே உள்ள சுவரில் டென்னிஸ் பந்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பேன். நாத்தூர் என்று நாங்கள் சொல்லும் வாட்ச்மேன் வந்து "ஷோர் மத் கரோ", சத்தம் போடாதே, என்று விரட்டுகிறவரை அது நடக்கும். நானாவது காலையில் பள்ளி பஸ்ஸில் ஏறி வெளியே போய்வந்தேன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவில் குடும்பத் தலைவி, வேலை செய்ய அனுமதி இல்லை என்று முத்திரை குத்தியிருந்தார்கள். திருச்சியில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். "உங்கம்மா ஒரு சத்தம் போட்டா பக்கத்துல ரெண்டு கிளாசும் சேர்ந்து அடங்கும்" என்று என் சித்தி பெருமையாகச் சொல்லுவாள். நான் அதை நம்பியதே இல்லை. நான் பார்த்த அம்மா ஏசி சத்தத்தைவிட மெதுவாகப் பேசுகிறவள்.

இனி நான் எப்படி பேஸ்பாலுக்குப் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் அப்பாவின் பயத்தால் வந்தது. அப்பா ஒரு ஏசி பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய மேனேஜர் அமெரிக்கக்காரர். அந்த ஊர் ஆட்கள் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் மாதிரி வைத்து பேஸ்பால் நடத்திவந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால். ஒரு வருஷம் பெண்கள் பக்கம் ஆள் குறைந்துவிட்டது. கம்பெனி விருந்தில் என்னைப் பார்த்த மேனேஜரின் மனைவி, "உங்கள் மகள் வரட்டுமே, எங்களுக்கு ஒரு பெண் குறைகிறது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பெண் பிள்ளை வெயிலில் ஆடினால் கறுத்துவிடும் என்று கவலைப்படுகிறவர்தான் அப்பா. ஆனால் மேனேஜர் மேடம் கேட்டுவிட்டார்களே! "யெஸ் மேடம், ஷ்யூர் மேடம்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வாழ்க்கையில் எனக்கு நடந்த மிக நல்ல விஷயங்களில் ஒன்று அப்பாவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராததால் நடந்தது.

அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சம்பளத்துக்கு ஆளே கிடையாது. எல்லாம் அப்பா அம்மாக்கள்தான். வெயில் தணிய ஆரம்பிக்கும்போது பெயர் கொடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவைத்து, எறியச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள். கோச்சுகள் அட்டையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு என்னமோ குறிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது. அப்புறம் கோச்சுகள் தனியாகக் கூடி, முறைவைத்து ஒவ்வொரு பிள்ளையாக எடுப்பார்கள். ஒரே அணி எல்லா நல்ல பிள்ளைகளையும் அள்ளிக்கொள்ளக் கூடாதாம். கோச்சுடைய பிள்ளை மட்டும் அவர் அணிக்கே போய்விடும். மேனேஜர் நீல அணிக்குக் கோச். அதனால் அவர் மகள் கேட்டி நீல அணி. எங்கள் பச்சை அணிக்கு ரமோன் அங்கிள் கோச். பிலிப்பைன்ஸ்காரர், சத்வாவில் இருந்தார், சிரித்துக்கொண்டே வேலை வாங்குவார்.

எந்தப் பிள்ளையையும் ஒரேயடியாக உட்காரவைக்கக் கூடாது என்பது சட்டம். ஆடத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முறை வந்தால் மட்டையைப் பிடித்தாக வேண்டும். எனக்காகவே போட்ட சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது டிவியில் பார்த்த கிரிக்கெட். முதல் நாள் பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது நாள் சுமாராக அடித்துவிட்டு, ஓட்டம் கிடைக்காது என்று கணக்குப் போட்டு அப்படியே நின்றேன். ரமோன் அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். இங்கே அடித்தால் ஓடியே ஆக வேண்டும், நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். அதைவிடக் கொடுமை, ஒரு மூலையில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தாலும், பின்னால் ஒருத்தி ஓடி வந்தால் அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு அடுத்த மூலைக்கு ஓட வேண்டும். "நான் பத்திரமா இருக்கேன், நான் ஏன் போகணும்?" என்று நான் கேட்டதை அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள், "நம்ம ரூம் மாதிரிதான், வேற ஆளு வந்தா காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள். சாஃப்ட்பால் என்ற பேரை நம்பிவிடாதீர்கள். மஞ்சள் நிறத்தில் சாத்துக்குடி அளவில் இருக்கும், முழங்காலில் பட்டால் ஒரு வாரம் நொண்ட வேண்டியதுதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. வீட்டுக்கு ஒரு பெரியவர் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் இடம் போய்விடும். ஒருவர் ஆரஞ்சுப் பழமும் தண்ணீரும், ஒருவர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, ஒருவர் கணக்கு எழுதுவது, இப்படி. ஆட்டம் வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமையும் டியூட்டி. அந்த டியூட்டியைப் போட்டதும் அதே மேனேஜர்தான். கணவன் வெள்ளிக்கிழமை வேலைக்கு வா என்கிறார், மனைவி வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வா என்கிறாள். அப்பா இரண்டு பேரிடமும் "யெஸ்" சொல்லிவிட்டு வந்து அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவும் நானும் கூட்டத்துக்குப் போனோம். கராமா பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆரஞ்சு போயிற்று, தண்ணீர் போயிற்று, சுண்ணாம்பும் போயிற்று. யாரும் சீந்தாத ஒரே வேலைதான் மிச்சம். அது நடுவர் வேலை. தப்பாகச் சொன்னால் ஒரு பக்கத்துப் பெற்றோர் கத்துவார்கள், சரியாகச் சொன்னால் இன்னொரு பக்கத்துப் பெற்றோர் கத்துவார்கள். அதற்கு யார் வருவார்கள்?

மேனேஜர் மேடம் தயங்கியபடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்தேன் என்று நினைவில்லை, ஆனால் என் முகம் அழுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஐ வில் டூ" என்றாள் அம்மா. குரல் பாதிதான் வந்தது.

பாடம் எங்கள் அறையிலேயே நடந்தது. ரமோன் அங்கிள் கொடுத்த விதிப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அம்மா தோசைத் தட்டுகளை நான்கு மூலையிலும் வைத்துப் புரிந்துகொண்டாள். டீச்சர் அல்லவா, என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். சந்தேகம் கேட்டே என்னைக் கொன்றாள். "ஓடறவள பந்தால தொடாம வெறும் க்ளவ்ஸால தொட்டா?" "பந்து எந்தக் கையில இருக்குன்னு பாக்கணுமா?" 'சேஃப்' என்றால் இரண்டு கையையும் நெஞ்சளவில் விரித்துக் காட்ட வேண்டும். விரித்தாள். கை பலகையில் இடித்தது.

மறுபக்கத்திலிருந்து ஜோதி அக்கா, "என்ன மக்ளே, ஆணி அடிக்கியளா?" என்றாள்.

"இல்லக்கா, அம்மா அம்பயர் ஆவுறாங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "அப்போ அடிக்கட்டும்" என்றாள்.

கையசைப்பு வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. அறைக்குள் கத்திப் பழக வழியேது? முதல் ஆட்டத்தில் சுடிதாருக்கு மேல் மார்புக் கவசமும் முகத்தில் கம்பி வலையுமாக அம்மா நின்றதைப் பார்த்தபோது எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவள் "அவுட்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. ஓடிய பெண் அப்படியே நின்றுகொண்டிருந்தது. "வாட் டிட் ஷி சே?" என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். வேறு ஆட்டத்துக்காகக் காத்திருந்த நான் வேலிக்குப் பின்னால் நின்று "ஷி செட் அவுட்!" என்று கத்த வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பூராவும் அம்மா தீர்ப்புச் சொன்னாள், நான் ஒலிபெருக்கியாக இருந்தேன்.

எந்த வாரம் மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பெண் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்து வருகிற பாதையில் குறுக்கே வந்து நின்றாள். அடிபட்டுவிடும் என்று பதறி, "ஸ்டாப்!" என்றாள் அம்மா. மைதானம் நின்றது. பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்களும் நின்றார்கள். ரமோன் அங்கிள் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தபடி நின்றார். சித்தி சொன்னது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அம்மா வேறு ஆள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, கவசப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நிற்பாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பாள். மைதானத்தில் மட்டை பிடிப்பவள் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஐந்து மூலை வெள்ளைப் பலகையைச் சின்னத் துடைப்பத்தால் தூசி தட்டி, நிமிர்ந்து, "ப்ளே!" என்பாள். பகல் தொழுகைக்கு முன் ஆட்டங்கள் முடிந்துவிடும். திரும்பி வந்து ஃப்ளாட் கதவைத் திறக்கும்போது அவள் தோள் இரண்டும் உள்ளே சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சாவியைக்கூடச் சத்தமில்லாமல் திருப்புவாள்.

பெற்ற பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு நடுவராக நிற்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆனால் வளைகுடாவில் ஆட்கள் திடீரென்று காணாமல் போவார்கள். விசா கேன்சல், குடும்பத்தோடு ஊருக்கு. எங்களுக்கும் நீல அணிக்கும் ஆட்டம் இருந்த வாரம், நடுவராக வர வேண்டியவர் அப்படித்தான் போயிருந்தார். வேறு ஆள் இல்லை. மேனேஜர், "அவரே நிற்கட்டும், எனக்குச் சம்மதம்" என்று அம்மாவைக் காட்டினார். ரமோன் அங்கிளும் தலையாட்டினார். செய்தி எப்படியோ அப்பாவுக்கு எட்டிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் போன் வந்தது.

"மேனேஜர் பொண்ணு விளையாடுது, தெரியும்ல? கொஞ்சம் பாத்து நடந்துக்க. விசா புதுப்பிக்கிற நேரம். நான் சொல்றது புரியுதா?"

"ம்" என்றாள் அம்மா. போனைப் பையில் போட்டுவிட்டு வலை முகமூடியை மாட்டிக்கொண்டாள். அதற்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

நான் அன்றைக்குக் கேட்சர். அதாவது மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருக்கிற ஆள். எனக்கு நேர் பின்னால் நடுவர். ஆட்டம் முழுக்க அம்மாவின் மூச்சு என் பின்கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எட்டுக்கு எட்டு என்று கடைசிக்கு வந்துவிட்டது. கேட்டி மூன்றாவது மூலையில் நிற்கிறாள். அவள் நான் இருக்கிற இடத்துக்கு வந்து வெள்ளைப் பலகையைத் தொட்டால் அவர்கள் ஜெயித்தார்கள். பாதி தூரம் ஓடி வந்தவள் என் கையில் பந்து இருப்பதைப் பார்த்துத் திரும்பினாள். நான் மூன்றாவது மூலைக்கு எறிந்தேன். அவள் மறுபடி என் பக்கம் திரும்பினாள். பந்து என்னிடம் வந்தது. அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் வர முடியாது. அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், அழப்போகிற முகம். மறுபடி எறிவதற்காகப் பந்தைக் கையுறையிலிருந்து வலது கைக்கு எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் என்னைத் தாண்டிப் பாய்ந்தாள். நான் பதறிப்போய் இடது கையை நீட்டி அவள் முதுகைத் தொட்டுவிட்டேன். நன்றாகவே தொட்டேன். ஆனால் பந்து வலது கையில். பந்து இருக்கிற கையால் தொட்டால்தான் அவுட்.

எங்கள் பக்கம் "அவுட்!" என்று ஒரே ஆர்ப்பாட்டம். அப்புறம் இரண்டு அணிப் பிள்ளைகளும், கோச்சுகளும், வேலிக்கு வெளியே நின்ற பெற்றோர்களும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குனிந்து என் வலது கையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"சேஃப்!" இரண்டு கையும் முழுசாக விரிந்தன. அங்கே இடிக்கப் பிளைவுட் பலகை இல்லை.

ரமோன் அங்கிள் ஓடி வந்தார். "ஷி டச்ட் ஹெர்!"

"பால் இஸ் இன் அதர் ஹேண்ட்" என்றாள் அம்மா. நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பந்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். ஆனால் வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குப் பந்து எங்கே தெரிந்தது? நம் ஆட்கள் இரண்டு பேர், "அவங்க ஹஸ்பண்ட் அந்தக் கம்பெனிதானே, பின்ன எப்படி அவுட் குடுப்பாங்க?" என்று எங்களுக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டு போனார்கள். அம்மா கவசத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மல்லிகைப்பூவோடு வந்தார். எங்கள் அப்பா பூ வாங்கி வந்தால் தீபாவளி, இல்லையென்றால் ஆடிவெள்ளி. அன்று இரண்டும் இல்லை.

"நல்ல காரியம் பண்ண. மேனேஜர் இன்னிக்குக் கூப்பிட்டுக் கை குடுத்தார். உன் வொய்ஃப் நல்ல அம்பயர்ங்கிறார்!"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னாரு?"

"பின்ன? அவர் பொண்ண விட்டுக்குடுத்தியே, அத மறப்பாரா?"

"விட்டுக்குடுக்கல. பந்து இவ வலது கையில இருந்துச்சு."

"சரி சரி" என்று அப்பா சிரித்தார். "வெளிய அப்படித்தான் சொல்லணும்."

"அப்பா, நெஜமாவே பந்து என் கையிலதான்பா இருந்துச்சு" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. பெரியவங்க விஷயம்."

அம்மா பூவைக் கையில் வாங்கியவள் கட்டில் மேல் வைத்தாள். பிறகு கத்தினாள். வெள்ளிக்கிழமைக் குரல் அது, அந்த அறைக்குள் அதை நான் கேட்டதே இல்லை.

"அவுட்டுன்னா அவுட்டுன்னு சொல்லியிருப்பேன்! யார் பொண்ணா இருந்தா எனக்கென்ன? என் கண்ணால பாத்தேன், சொன்னேன். இந்த ஊருக்கு வந்து நானா சொன்னது அது ஒண்ணுதான். அதையும் உங்க மேனேஜருக்குக் குடுத்த லஞ்சமா ஆக்கிட்டீங்களே!"

பலகை அதிர்ந்தது என்று நான் எழுதினால் நீங்கள் மிகை என்பீர்கள். ஆனால் ஜோதி அக்கா பக்கத்து டிவி நின்றது உண்மை. மேல் தளத்தில் யாரோ நடந்துகொண்டிருந்ததும் நின்றது. அடுத்து வெளிக்கதவைத் தட்டும் சத்தம், நாத்தூர். மூன்று பேரும் கல்லாகிவிட்டோம். முனிசிபாலிட்டி, பைன், பெட்டி படுக்கை என்று எல்லாம் என் மனதில் ஓடிவிட்டது.

ஜோதி அக்கா போய்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "டிவி ஹை பாய், டிவி. பிக்சர். படா ஜகடா வாலா பிக்சர்" என்று, பெரிய சண்டைப் படம் ஓடுகிறதாகச் சொன்னாள். நாத்தூர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். பிறகு பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக, "போய்ட்டான் மக்ளே. நீ பேசுனது நல்லாத்தான் இருந்து" என்றாள்.

அம்மா பூவை எடுத்துப் பிரிட்ஜில் போட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, வழக்கமான குரலில், "சாப்பிட வாங்க" என்றாள். பூ பிரிட்ஜில் கிடந்து பழுத்தது. அவளை நினைத்து எனக்கு அப்போது அழுகை வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டாள். கேட்டிக்கு 'அவுட்' கொடுத்திருந்தால் பொய்யாகியிருக்கும். 'சேஃப்' கொடுத்தாள், அடிமைத்தனமாகிவிட்டது. அவள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சீசனின் கடைசி வாரம் அப்பா முதல்முறையாக மைதானத்துக்கு வந்தார். அரை நாள் பர்மிஷன் கேட்டு, கம்பெனிச் சட்டையோடு. ஆட்டம் பார்க்க அல்ல, அம்மாவைப் பார்த்துக்கொள்ள. எங்கள் அணி அன்று ஆடவில்லை. நீல அணிதான். நான் அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேட்டி மட்டையோடு வந்தபோது அப்பா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். முதல் பந்து, "ஸ்ட்ரைக்!" இரண்டாவது பந்தும் அப்படியே. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். மூன்றாவது பந்தை அந்தப் பெண் அடிக்காமல் விட்டுவிட்டது. அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா என்று சந்தேகமான பந்துதான், அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம்.

"ஸ்ட்ரைக் த்ரீ! பேட்டர் அவுட்!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் மகளின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அடுத்து யார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா, "அந்தக் கடைசி பால் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"இல்ல" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அடுத்த மாதம் அப்பாவுக்கு விசா புதுப்பித்தார்கள். எப்போதும் புதுப்பிக்கிற மாதிரிதான். ஆனால் அந்த 'சேஃப்'தான் காரணம் என்று அப்பா நம்பினார். சொந்தக்காரர்கள் வந்தால் "இவதான் என் வேலையைக் காப்பாத்துனா" என்று பாராட்டாகவே சொல்லுவார். முதலில் அம்மா மறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பிறகு அதுவும் இல்லை, உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அந்த மைதானத்தைக் கட்டடம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் பாலைவனத்துப் பக்கம், புதுசாக வில்லாக்கள் கட்டிய இடத்துக்குப் போயிற்று. கார் இருந்தால் போகலாம். எங்களிடம் கார் இல்லை, அங்கே பஸ் போகவில்லை. மேனேஜர் மேடம் ஒரு தடவை போன் செய்தாளாம். அப்பாதான் எடுத்தார். "நெக்ஸ்ட் இயர் மேடம்" என்று சொல்லிவிட்டு, எங்களிடம் சாப்பிடும்போது சொன்னார்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, கீழே சூப்பர்மார்க்கெட். வெள்ளிக்கிழமையே இங்கே பழைய வெள்ளிக்கிழமை இல்லை, விடுமுறை சனி ஞாயிறுக்குப் போய்விட்டது. பிளைவுட் பலகைகளை ஒரு சோதனையில் பிடுங்கிப் போட்டார்கள். ஜோதி அக்கா நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள். பேஸ்பால் மட்டும் எங்கேயோ நடந்துகொண்டுதான் இருக்கிறது, சத்வாவில் சட்டைக்கு எண் ஒட்டுகிறார்களே.

போன வருஷம் அப்பா வேலையை விட்டு ஊருக்கே திரும்புவதாக முடிவு செய்தார். திருச்சியில் ஃப்ளாட் பார்த்து முன்பணம் கொடுத்தார், எந்தத் தளம் என்றும் அவரே சொன்னார், டிக்கெட்டும் போட்டார். நான் பக்கத்து எமிரேட்டில் ரோலா பக்கம் தனியாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், எனக்குச் சொந்த விசா. அம்மா வேண்டுமானால் என்னோடு இருந்திருக்கலாம். கிளம்புவதற்கு முன் சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தபோது, பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த அவளிடம், "உனக்குப் போக இஷ்டமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் கயிற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாரைக் கேட்கிறேன் என்று புரியாத மாதிரி பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"என்னையா கேக்குற?"

"உன்னைத்தான்."

வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருந்தாலும் அப்பாவோடு சண்டை போட்டு அதை நடத்தியிருப்பேன். உள்ளறையில் அப்பா இருமினார். அம்மா கயிற்றை மறுபடி எடுத்தாள்.

"டிக்கெட் போட்டாச்சே" என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.